முத்திரைக்கு முன்னால் அலகு: ஸ்பானியப் பழங்கத்திகளின் மரபுகள்

ஸ்பெயினின் பழைய மடக்குக் கத்திக்கு நவாஹா என்று பெயர். அதைச் சேகரிப்பவர்கள் கத்தியை விரித்ததும் முதலில் தேடுவது, அலகு பிடியோடு சேரும் இடத்தில் குத்தப்பட்டிருக்கும் முத்திரையைத்தான். ஒரு கொல்லரின் பெயரோ ஊர்ப் பெயரோ, சிறு கிரீடமோ சிலுவையோ அங்கே தெரிந்தால் கத்தியின் விலை ஏறிவிடும். எதுவும் தெரியாவிட்டால் நல்ல கத்தியும் பெட்டியின் அடிக்குப் போய்விடும். இந்த வரிசையை மாற்ற வேண்டும் என்பதே என் வாதம். கத்தியின் உடற்கட்டுதான் முதல் சாட்சி. அது சொல்வதோடு ஒத்துப்போனால் மட்டுமே முத்திரையின் பேச்சை நம்பலாம். ஸ்பானியக் கத்தி மரபுகளின் வரலாறே இதற்குச் சான்று தருகிறது.

முத்திரைக்கு இவ்வளவு மதிப்பு வந்தது கத்தியிலிருந்து அல்ல, வாளிலிருந்து. பிரான்சிஸ்கோ தெ சாந்தியாகோ பலோமாரெஸ் 1762இல் டொலேடோ வாள் தொழிலைப் பற்றி ஒரு குறிப்பு எழுதினார். அதில் 99 வாட்கொல்லர்களின் முத்திரைகளைத் தொகுத்துத் தந்தார். ஹூலியான் தெல் ரேயின் நாய்க்குட்டி முத்திரை அவற்றில் மிகவும் புகழ் பெற்றது. செர்வாந்தெஸ் 1615இல் வெளியிட்ட ‘தோன் கிஹோத்தே’ இரண்டாம் பாகத்தில் ‘நாய்க்குட்டி வாள்’ என்று விளக்கமே இல்லாமல் எழுதிவிட்டுப் போகிறார். வாசகருக்குத் தெரியும் என்ற துணிவு அது. ஆனால் அந்தப் புகழே வாள் முத்திரைகளின் நம்பகத்தைக் கெடுத்தது. ஜெர்மனியின் சோலிங்கன் கொல்லர்கள் தாங்கள் அடித்த அலகுகளில் டொலேடோ என்றும், சஹாகுன் போன்ற டொலேடோ ஆசான்களின் பெயர்களையும், பல வேளைகளில் எழுத்துப் பிழையோடு, பொறித்து ஐரோப்பா முழுவதும் விற்றார்கள். அலகுகள் நாடு கடந்து போவது அன்று சாதாரணம். நம் தஞ்சாவூர்க் கட்டாரிகள் பலவற்றிலும் இருப்பது ஐரோப்பிய அலகுதான். டொலேடோ வாள்களிலேயே நிலைமை இப்படி. அந்த வாட்பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, பெரும்பாலும் அதற்குப் பிந்திய காலத்து நவாஹாக்களுக்குத் தகப்பன் பெயர் தேடுவது சரியாகுமா? ஓர் எழுத்தோ ஒரு சிலுவையோ ஒத்திருப்பதால் உறவு ஏற்பட்டுவிடாது.

நவாஹாவின் வீடு வாள் நகரம் அல்ல. 1849இல் மாட்ரிட்டில் வெளியான ‘மானுவல் தெல் பாரத்தேரோ’ என்ற கத்திச் சண்டைக் கையேடு அல்பாசெத்தே, சாந்தா குரூஸ் தெ முதேலா, குவாதிக்ஸ், சொல்சோனா ஆகிய ஊர்களைக் கத்திக்குப் பெயர் போனவையாகக் குறிக்கிறது. இவற்றில் அல்பாசெத்தேயிடம் சற்று நின்று பார்க்க வேண்டும். லா மான்சாவின் சமவெளியிலுள்ள இந்த ஊரில் கத்தரிக்கோலும் கத்தியும் ஒரே பட்டறைகளில் பிறந்தன. எழுத்தர் மேசைக்கென்று செய்த அதன் நீண்ட கத்தரிக்கோல்கள் சிலவற்றில் செய்தவர் பெயர், ஊர், ஆண்டு, உடைமையாளர் பெயர் ஆகிய நான்கும் எஃகில் பொறிக்கப்பட்டிருக்கும். ஸ்பானியக் கத்தித் தொழிலில் இதைவிடத் தெளிவான ஆவணம் கிடைப்பது அரிது. இங்கே செய்த குத்துவாள்களிலும் நவாஹாக்களிலும் திராவகத்தால் அரித்த கொடிவேலைகள் இருக்கும். உடையவரை வாழ்த்தும் வாசகங்களும் ஓடும். 1855இல் ரயில் வந்தபின் இடுப்புப் பட்டையில் கத்திகளைச் செருகிய விற்பனையாளர்கள் நிலையத்தில் பயணிகளைச் சூழ்ந்துகொண்டார்கள். அங்கே விற்ற அவசரச் சரக்கும் ஆசான் வேலையும் ஒரே ஊர்ப் பெயரைத்தான் தாங்கின. ஆகவே ‘அல்பாசெத்தே’ என்ற முத்திரை ஊரைச் சொல்லும், தரத்தைச் சொல்லாது. கட்டலோனியாவின் சொல்சோனாவுக்குத் தனிப் பெருமை உண்டு. அங்கே கத்திக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. வடக்கே அஸ்தூரியாஸின் தாரமுந்தியில் மரப்பிடிபோட்ட எளிய உழவர் கத்தி இன்றும் செய்யப்படுகிறது. சேகரிப்பாளர்கள் அதை ஏறெடுத்துப் பார்ப்பதில்லை என்பது எனக்கு வருத்தமே. டொலேடோவில் மூன்றாம் கார்லோஸ் 1761இல் தொடங்கிய அரசு ஆயுதத் தொழிற்சாலையின் பிற்காலக் கத்திகளில் பீரங்கிப் படையின் பெயரும் ஆண்டும் இருக்கும். முத்திரையை அப்படியே படித்து நம்பக்கூடிய அரிய இனம் அது.

அதே மன்னர், அதே 1761இல், வில் பூட்டுள்ள நவாஹாக்களை எடுத்துத் திரிவதைத் தடைசெய்தார். தடைபட்ட பொருளில் தன் பெயரைக் குத்தப் பல கொல்லர்கள் தயங்கியிருப்பார்கள் என்று கருதுவதில் தவறில்லை. அப்படியானால் முத்திரையின்மை தரக்குறைவுக்கு அடையாளம் ஆகாது. மறுபுறம் பிரான்சின் தியேர் நகரப் பட்டறைகள் ஸ்பானியச் சந்தைக்கென்றே பெரும் அளவில் நவாஹா செய்து அனுப்பின. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மெரிமேயின் ‘கார்மென்’ கதையும், தாவிலியேரின் ஸ்பெயின் பயண நூலுக்கு குஸ்தாவ் டோரே வரைந்த படங்களும் நவாஹாவை நாட்டின் சின்னமாகவே ஆக்கிவிட்டன. வாங்க ஆள் பெருகினார்கள். ஸ்பானியத் தோற்றம் தாங்கிய பிரெஞ்சுக் கத்தி இன்று ஸ்பெயினின் ஏலங்களிலேயே தாராளமாகப் புழங்குகிறது. அவற்றிலும் நேர்த்தியான வேலை உண்டு. தியேர் கொல்லரின் உழைப்பை டொலேடோவின் கணக்கில் எழுதுவதுதான் அநீதி.

சரி, உடற்கட்டு எப்படிச் சாட்சி சொல்லும்? நவாஹாவின் பிடி முதுகில் வெளியே தெரியும்படி ஒரு வில்தகடு ஓடுகிறது. அலகின் அடியிலுள்ள பல் அந்தத் தகட்டின் துளையில் மாட்டிக்கொண்டு அலகைப் பூட்டும். மடக்க வேண்டுமானால் வளையத்தையோ சிறு நெம்பையோ இழுத்துத் தகட்டைத் தூக்க வேண்டும். பற்கள் பலவாக இருந்தால் விரிக்கும்போது கரகரவென்று ஓசை எழும். பற்களை அரத்தால் அறுத்த விதம், தறையாணிகளை அடித்து மழுக்கிய விதம், கொம்புத் தகட்டுக்கு அடியில் உலோக உள்தகடு இருக்கிறதா என்பது, எல்லாம் பட்டறைக்குப் பட்டறை மாறும். பொருள்களும் காலம் சொல்லும். பிடியின் பூண்கள் ஜெர்மன் சில்வரால் ஆனவை என்றால் அவை 1820களுக்கு முந்தியவையாக இருக்க வழியில்லை. செல்லுலாய்டு பிடி என்றால் 1870க்குப் பிறகுதான். பெயர் பதினெட்டாம் நூற்றாண்டையும் பூண் பத்தொன்பதாம் நூற்றாண்டையும் சொன்னால், பின்னால் மாற்றப்பட்டது பூணா, பொய்யாகக் குத்தப்பட்டது பெயரா என்று கேட்டே ஆக வேண்டும்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. முத்திரையைப் போலி செய்கிறவன் உடற்கட்டையும் போலி செய்ய மாட்டானா என்று கேட்பார்கள். செய்வான், ஆனால் செலவைப் பாருங்கள். முத்திரைக்கு ஓர் உளியும் ஒரு சுத்தியல் அடியும் போதும். உடற்கட்டு என்பது ஒரு பட்டறையின் கைப்பழக்கம் இருபது இடங்களில் பதிந்த தொகுப்பு. அது கையெழுத்தைப் போன்றது. பெயரை எழுதிவிடுவது எளிது, பக்கம் முழுவதும் அதே கையாக எழுதுவது கடினம். இன்னொரு மறுப்பு எனக்கு நெருக்கமானது: பெயர்தான் அந்தக் கொல்லனுக்கு மிஞ்சிய ஒரே நினைவு, அதை இரண்டாம் இடத்துக்குத் தள்ளலாமா? அந்த மரியாதை காரணமாகத்தான் சரிபார்ப்பைக் கேட்கிறேன். சரிபார்க்காத முத்திரை வேறொருவர் வேலையை அவர் தலையில் கட்டிவிடும். ஸ்பெயினில் 1850 நவம்பர் 20 ஆணை வணிக முத்திரைகளைப் பதிவு செய்ய வழிசெய்தது. அதற்குப் பிந்திய பெயரைப் பதிவேட்டோடு ஒப்பிட முடியும். முந்தியதற்கு, ஐயமற்ற கத்தரிக்கோல்களையும் கத்திகளையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது ஒன்றே வழி.

ஆகவே சேகரிப்பாளரின் முதல் கடமை தேய்க்காமல் இருப்பது. சாணையிலும் மெருகுச் சக்கரத்திலும் போகும் ஒவ்வொரு அலகும் அரத்தின் தடங்களையும் முத்திரையின் விளிம்பையும் ஒருசேர இழக்கிறது. எண்ணெயும் துணியும் போதும். ஸ்பெயினின் 1993 ஆயுத விதிகள் 11 செ.மீ.க்கு மேல் அலகுள்ள நவாஹாவைத் தடைசெய்தாலும், அலங்காரத்துக்கும் சேகரிப்புக்கும் வீட்டில் வைத்திருப்பதை அனுமதிக்கின்றன. ஆகவே இந்தச் சான்றுகளில் பெரும் பகுதி தனியார் அலமாரிகளிலேயே இருக்கிறது. 2004 முதல் அல்பாசெத்தேயில் இயங்கும் கத்தி அருங்காட்சியகம் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு களம் தந்திருக்கிறது. அலமாரிக்காரர்கள் தங்கள் பட்டியல்களில் அலகின் நீளம், பற்களின் எண்ணிக்கை, பூட்டின் வகை, பிடியின் பொருள், பழுது பார்த்த இடங்கள் என்று எழுதிவிட்டு, கடைசிப் பத்தியில் முத்திரையின் படத்தை ஒட்டலாம். முத்திரை இல்லாத கத்திக்கும் அதே அளவு இடம் ஒதுக்க வேண்டும்.