தந்தையின் மௌனமும் பிள்ளைகளின் மணவாழ்வும்

தமிழ் முஸ்லிம் புதினங்களைக் குறித்து எழுந்த திறனாய்வுகள் பெரும்பாலும் மூன்று வழிகளில் சென்றுள்ளன. வட்டார வழக்கின் அழகை வியப்பது ஒன்று. நிலவுடைமைக் குடும்பங்களின் வீழ்ச்சியை ஆராய்வது மற்றொன்று. பெண்களின் நிலையைப் பற்றி வழக்காடுவது மூன்றாவது. மூன்றும் வேண்டியவையே. ஆயினும் இப்புதினங்களின் நடுக்கூடத்தில் வீற்றிருக்கும் ஒருவரை இத்திறனாய்வுகள் முதலாளியாகவும், காரணவராகவும், ஆணாதிக்கத்தின் உருவமாகவும் கண்டனவேயன்றித் தந்தையாகக் காணவில்லை. தெற்கே அவர் வாப்பா. திருச்சி, மதுரைப் பக்கங்களில் அத்தா. எங்கள் பர்கூர்ப் பகுதியில் உருது பேசும் வீடுகளில் அப்பா அல்லது பாவா. எப்பெயரால் அழைத்தாலும், பிள்ளைகள் அவரிடம் மனம்விட்டுப் பேசியதில்லை என்பது இக்கதைகள் அனைத்துக்கும் பொதுவாக இருக்கின்றது. அந்தப் பேசாமை பிள்ளைகளின் காதலிலும் இல்லறத்திலும் என்ன விளைவைத் தருகின்றது என்பதே இக்கட்டுரை ஆராய விழையும் பொருள்.

தோப்பில் முஹம்மது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' 'முஸ்லிம் முரசு' இதழில் தொடராக வந்து, 1988இல் நூலாயிற்று. அதில் வரும் அஹமதுக்கண்ணு முதலாளியை ஊரை நடுங்க வைக்கும் ஆதிக்கத்தின் சின்னமாகவே நாம் வாசித்துப் பழகிவிட்டோம். ஆனால் அவர் ஆயிஷாவின் தந்தையும் ஆவார். உறவுக்காரனான ஃபரீதின்மேல் அப்பெண்ணுக்கு உள்ள அன்பு வீட்டுக்குள்ளேயே முளைத்து வளர்ந்த ஒன்று. அதை அறியவேண்டிய முதல் மனிதர் அறியவில்லை. அறிந்திருந்தால் இணங்கியிருப்பார் என்று சொல்ல முடியாது. குலப்பெருமை அவரை அவ்வளவு இறுகக் கட்டியிருந்தது. எனினும், மகளின் விருப்பம் இன்னதென்று கேட்கும் வழக்கமே அந்த வீட்டில் இல்லை என்பதுதான் கதையின் அடியில் கிடக்கும் துயரம். குலமும் செல்வமும் பார்த்துத் தேடிய மாப்பிள்ளை மனநலம் குன்றியவனாக அமைந்தபோது, அவ்வீட்டில் எவருக்கும் அதைப் பேசுவதற்குரிய மொழி இல்லை. மகளைக் கெடுக்க வேண்டுமென்று முதலாளி நினைத்தவரல்லர். அவளைத் தம் கௌரவத்தின் ஓர் அங்கமாக எண்ணினார். தனியொரு மனமுடையவளாக எண்ணவில்லை.

1997ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற 'சாய்வு நாற்காலி'யில் இந்தத் தந்தைமை இன்னும் அழுகிய நிலையில் காட்சி தருகின்றது. முஸ்தபாக்கண்ணு சவ்தா மன்சிலின் பழம்பெருமையில் சாய்ந்து கிடக்கிறார். வயிற்றுக்காகவும் இச்சைக்காகவும் வீட்டுப் பொருள்கள் ஒவ்வொன்றாக வெளியேறுகின்றன. அவ்வீட்டுப் பெண்களை அடித்து அடக்குவதற்கென்றே தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றப்பட்டு வரும் பிரம்புக்கு 'அதபு' என்று பெயர். நல்லொழுக்கத்தைக் குறிக்கும் ஓர் அரபுச்சொல் பிரம்புக்குப் பெயராகிவிட்ட கொடுமையை மீரான் விளக்கவுரை ஏதுமின்றிக் காட்டிச் செல்கிறார். கணவன் மனைவியிடம் பேசும் பேச்சு இன்னதென்று ஒரு பிள்ளை முதன்முதலில் தன் வீட்டிலேயே கேட்டறிகின்றது. பிரம்பின் ஓசையையே கேட்டு வளர்ந்த பிள்ளை, தன் காலம் வரும்போது வேறு மொழியை எங்கிருந்து பெறும்?

மீரானின் பார்வை கூடத்திலிருந்து உள்ளே செல்வது. சல்மாவின் பார்வை அடுக்களையிலிருந்து வெளியே வருவது. 2004இல் வெளிவந்த 'இரண்டாம் ஜாமங்களின் கதை'யில் ஆண்கள் பகலெல்லாம் கடையில் இருக்கிறார்கள். இரவில் வீடு திரும்புகிறார்கள். அவர்கள் வந்ததும் பெண்களின் பேச்சு தாழ்கிறது. சிறுமி ராபியாவுக்குத் தந்தை கரீம் ஒரு வருகையாகவும் ஒரு அதட்டலாகவுமே தெரிகிறார். அவருக்கு வெளியே இருக்கும் தொடர்பைத் தாய் ஸொஹ்ரா அறிவாள், ஊரும் அறியும். வாய்திறந்து பேசுவோர் இல்லை. அந்தக் குடும்பத்தில் வளர்ந்த வஹிதா சிக்கந்தருக்கு வாழ்க்கைப்பட்டுப் போகும்போது, ஆண் என்பவன் அவளுக்கு அச்சத்துக்குரிய அந்நியனாகவே இருக்கிறான். ஓர் ஆண் பரிவோடு பேசக்கூடும் என்பதை அவள் தன் வீட்டில் கண்டதே இல்லை. இப்புதினத்தைப் பெண்ணுடலின் கதையாக மட்டும் வாசித்துக் கண்டித்தவர்களும் பாராட்டியவர்களும் இந்த நுட்பத்தைக் கவனிக்கத் தவறினர் என்பதே என் எண்ணம்.

சல்மாவிடம் ஒரு குறையும் உண்டு. அவருடைய ஆண்கள் அடுக்களையின் வாசற்படி வரையில்தான் உயிரோடு இருக்கிறார்கள். கடையில் அவர்கள் எதை அஞ்சினார்கள், எந்தக் கடனுக்காக உறக்கமிழந்தார்கள், தம் தந்தையரிடம் எதைப் பெறாமற் போனார்கள் என்பது நமக்குத் தெரிவதில்லை. மீரானிடம் அவர்களுடைய செருக்கின் வரலாறு கிடைக்கின்றது; மனத்தின் வரலாறு கிடைப்பதில்லை. பேசாத தந்தையும் ஒரு காலத்தில் பேசாத தந்தைக்கு மகனாக இருந்தவர் என்ற உண்மையை நம் புதினங்கள் இன்னும் முழுமையாக எழுதவில்லை.

அதை எழுதுவதற்கேற்ற களம் கடற்கரை மட்டுமன்று. பர்கூரின் ஜவுளிக் கடைத்தெருவை எடுத்துக்கொள்வோம். சென்னை - பெங்களூர் நெடுஞ்சாலையில், கர்நாடக, ஆந்திர எல்லைகளுக்கு அணித்தே உள்ள இவ்வூர் மொத்த ஜவுளி வணிகத்தால் பெயர் பெற்றது. இங்கே தந்தை வீட்டைவிட்டுத் தொலைவில் இருப்பவரல்லர். தந்தையும் மகனும் காலைமுதல் இரவுவரை ஒரே கடையில் இருக்கிறார்கள். ஒருவர் கல்லாவில் இருப்பார். மற்றவர் துணியை விரித்துக் காட்டுவார். அவர்களுக்கிடையே நாள் முழுவதும் பேச்சு உண்டு. எத்தனை பேல் வந்தது, எவருடைய பாக்கி நிற்கிறது, சூரத்துச் சரக்கின் விலை என்ன என்பதே அந்தப் பேச்சு. இருபத்தைந்து வயது மகனுக்குப் பெண் பார்த்து முடிவு செய்த செய்தியும் அதே குரலில், அதே கணக்குப் பேச்சின் நடுவே சொல்லப்படுவதுண்டு. ஓசூரின் தொழிற்சாலைகளுக்கு ஷிப்டு வேலைக்குச் செல்லும் தந்தையர் வீடுகளில் வேறொரு நிலை. அவர் விழித்திருக்கும் நேரத்தில் பிள்ளைகள் பள்ளியில். பிள்ளைகள் வீட்டிலிருக்கும் நேரத்தில் அவர் உறக்கத்தில். இவர்கள் எவரும் முஸ்தபாக்கண்ணுகள் அல்லர். பிள்ளைகளுக்காகவே உழைத்து உருக்குலைபவர்கள். அதனாலேயே இங்குள்ள இடைவெளி கொடுமை என்ற பெயரால் அழைக்கப்படாமல், 'கண்டிப்பு' என்றும் 'மரியாதை' என்றும் பெயர் பெற்றுக் கேள்விக்கு அப்பாற்பட்டுவிடுகின்றது.

கடைக்காரத் தந்தைக்கும் அவருடைய மகனுக்கும் இடையில் நிகழ்ந்ததை உலக இலக்கியத்தில் மிக வெளிப்படையாக எழுதியவர் பிராக் நகரத்து ஃபிரான்ஸ் காஃப்கா. அவருடைய தந்தை ஹெர்மன், வறுமையிலிருந்து தம் உழைப்பால் எழுந்து அலங்காரப் பொருள் கடை நடத்தியவர். ஓங்கிய குரலும் உறுதியும் உடையவர். மகன் 1914இலும் 1917இலும் ஃபெலிஸ் பௌவர் என்ற ஒரே பெண்ணோடு இருமுறை மண உறுதி செய்து, இருமுறையும் முறித்துக்கொண்டார். 1919இல் யூலி வோரிசெக் என்ற பெண்ணை மணக்க விரும்பியபோது தந்தை அதை இழிவாகப் பேசினார். அவ்வாண்டு நவம்பரில், நூறு கையெழுத்துப் பக்கங்களுக்கும் மேற்பட்ட ஒரு கடிதத்தைத் தந்தைக்கு எழுதினார் காஃப்கா. தந்தையிடம் தாம் கொண்ட அச்சம் எவ்வாறு தம் திருமண முயற்சிகள் எல்லாவற்றையும் குலைத்தது என்பதே அதன் சாரம். இல்லறம் என்பது தந்தைக்கே உரிய நிலம், அதில் தனக்கு இடமில்லை என்ற உணர்வு அவரை விட்டு அகலவில்லை. கடிதத்தைத் தாயிடம் கொடுத்துத் தந்தையிடம் சேர்க்கச் சொன்னார் என்றும், தாய் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார் என்றும் அவருடைய நண்பர் மாக்ஸ் பிராட் எழுதியுள்ளார். காஃப்கா மணமாகாமலே 1924இல் தம் நாற்பதாம் வயதில் மறைந்தார். தந்தை 1931வரை வாழ்ந்தார். கடிதம் 1952இல்தான் அச்சேறியது.

இக்கடிதத்தை முழு உண்மையாகக் கொள்வதும் தவறு. அது ஒரு வழக்கறிஞரின் கடிதம் போன்றது என்று பின்னாளில் தோழி மிலேனாவுக்குக் காஃப்காவே எழுதினார். வழக்காடும் மகன் தந்தையின் நியாயங்களைக் குறைத்தே சொல்லியிருப்பார். தன் தோல்விகள் அனைத்துக்கும் தந்தையே காரணம் என்று சொல்லிவிடுவது எளிது. அவ்வாறு சொல்பவன் தன் பொறுப்பைக் கழற்றி எறிந்துவிடுகிறான். மேலைநாட்டு உளவியலும் அத்தகைய விதிக்கொள்கையைச் சொல்லவில்லை. குழந்தைக்கும் வளர்ப்போருக்கும் இடையிலான பிணைப்பைப் பற்றி ஜான் பௌல்பி 1969இல் தம் பெருநூலின் முதற்பகுதியை வெளியிட்டார். வளர்ந்தோரின் காதலிலும் அதே பிணைப்பின் சாயல்கள் காணப்படுகின்றன என்று 1987இல் ஹசானும் ஷேவரும் எழுதினர். நம்பி நெருங்குவோர், இழந்துவிடுவோமோ என்று அஞ்சிப் பற்றிக்கொள்வோர், நெருக்கத்தையே தவிர்த்து விலகுவோர் என அவர்கள் மூவகை கண்டனர். இளமையில் அமைந்த போக்கு பிற்கால உறவுகளால் மாறக்கூடும் என்பதும் அவ்வாராய்ச்சித் துறை ஏற்றுக்கொண்டதே. நல்ல துணை, நல்ல நட்பு, தன்னைத் தானே உணர்தல் இவற்றால் பழைய காயம் ஆறுவதுண்டு.

இனி நம் சமுதாயத்தில் சிலர் எழுப்பும் மறுப்புக்கு வருவோம். தந்தை பிள்ளையிடம் குழைந்து பேசுவது மேலைநாட்டு வழக்கம். நம் மார்க்க ஒழுக்கம் கண்டிப்பையே போற்றுகின்றது என்பர். திருமறையை ஓதுவோர்க்கு இவ்வாதம் நில்லாது. 'என் அருமை மகனே' என்று விளித்து விளித்து அறிவுரை சொல்லும் லுக்மான் (அலை) அவர்களை அதன் 31ஆம் அத்தியாயத்தில் காண்கிறோம். மகனைப் பிரிந்த துயரால் அழுதழுது கண்பார்வை இழந்த யஃகூப் (அலை) அவர்களை 12ஆம் அத்தியாயத்தில் காண்கிறோம். நபியாக இருந்தும் அவர்கள் தம் கண்ணீரை மறைக்கவில்லை.

28ஆம் அத்தியாயம் நம் பொருளுக்கு இன்னும் நெருக்கமானது. மத்யன் நகரத்துப் பெரியவர் ஒருவரின் புதல்வியருக்காக மூஸா (அலை) அவர்கள் ஆடுகளுக்கு நீர் இறைத்துக் கொடுக்கிறார்கள். பின்னர், அவர்களைப் பணிக்கு அமர்த்திக்கொள்ளலாம், வலிமையும் நம்பிக்கையும் உடையவர் என்று ஒரு மகள் தந்தையிடம் சொல்கிறாள். ஓர் அந்நிய இளைஞனின் பண்பைப் பற்றி மகள் தந்தையிடம் நேருக்கு நேர் பேச முடிகின்றது, தந்தை செவிமடுக்கிறார், அப்பேச்சிலிருந்தே ஒரு திருமணம் பிறக்கின்றது. அவள் நாணத்தோடு நடந்து வந்தாள் என்றும் திருமறை கூறுவதால், நாணமும் பேச்சும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதும் விளங்கும். அஹமதுக்கண்ணுவின் ஆயிஷாவுக்குக் கிடைக்காமற் போனது இந்தத் தந்தைதான்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்வும் இதற்குச் சான்று. பேரக்குழந்தையைப் பெருமானார் முத்தமிட்டதைக் கண்ட அக்ரஃ பின் ஹாபிஸ், தமக்குப் பத்துப் பிள்ளைகள் இருந்தும் ஒருவரையும் முத்தமிட்டதில்லை என்று சொன்னபோது, இரக்கம் காட்டாதவன் இரக்கம் காட்டப்பட மாட்டான் என்ற கருத்தில் பெருமானார் மறுமொழி தந்தார்கள். மகள் ஃபாத்திமா (ரலி) வரும்போது எழுந்து நின்று, முத்தமிட்டுத் தம் இடத்தில் அமர்த்துவார்கள். தம் விருப்பமின்றித் தந்தை மணமுடித்து வைத்துவிட்டதாக முறையிட்ட கன்ஸா பின்த் கிதாமின் திருமணத்தை அவர்கள் செல்லாததாக்கினார்கள். பத்துப் பிள்ளைகளைப் பெற்றும் முத்தமிடாத அக்ரஃ அக்காலப் பாலைவனத் தலைவர்களுள் ஒருவர். தம் கண்டிப்பை ஆண்மை என்று எண்ணியவர். அந்த எண்ணத்தைத் திருத்தவே இஸ்லாம் வந்தது. நாம் அவருடைய பழக்கத்தைப் பேணிக்கொண்டு அதற்கு மார்க்கத்தின் பெயரைச் சூட்டி வருகிறோம்.

இன்று நம் குடும்பங்களில் மணமுறிவுப் பேச்சுக்காக ஜமாஅத்தின் முன் வந்து நிற்கும் இளைஞர்களைக் காண்கிறோம். மனைவியிடம் என்ன குறை என்று கேட்டால் பலருக்குச் சொல்லத் தெரிவதில்லை. பேசத் தெரியாமையே குறை என்பது அவர்களுக்கும் விளங்குவதில்லை, கூடியிருக்கும் பெரியவர்களுக்கும் விளங்குவதில்லை. வெளிநாடு சென்று பணம் அனுப்புவதும், சீர் குறையாமல் மணமுடித்து வைப்பதும் தந்தையின் கடமையில் ஒரு பாதியே. மறுபாதியை இவ்வளவு காலம் நாம் தாய்மாரின் தலையில் சுமத்திவிட்டோம்.

ஆதலால் நம் எழுத்தாளர்களிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. வீழ்ந்த மாளிகைகளைப் போதுமான அளவுக்கு எழுதிவிட்டோம். கல்லாவில் அமர்ந்திருக்கும் தந்தையையும், எதிரே துணியை மடித்து வைக்கும் மகனையும், உள்ளே அடுக்களையில் தன் மனத்தைச் சொல்லக் காத்திருக்கும் மகளையும் எழுதுங்கள். தந்தையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவும் வேண்டாம். நாற்காலியில் வைத்துத் தொழவும் வேண்டாம். அவரும் பேச விரும்பியிருக்கக்கூடும் என்பதை எழுதினால் போதும். அத்தகைய ஒரு புதினத்தை ஒரு வீட்டில் தந்தையும் மகனும் அடுத்தடுத்துப் படிப்பார்களாயின், காஃப்காவின் கடிதம் சென்று சேராத இடத்துக்கு அது சென்று சேரும், இன்ஷா அல்லாஹ்.