கைக்குட்டையும் கையெழுத்தும்

வில்லியம் மெக்கின்லி பற்றி நான் படித்த வாழ்க்கை வரலாறுகள் ஒரு காட்சியில் நெகிழ்ந்துபோகின்றன. விருந்தில் மனைவி ஐடாவுக்கு வலிப்பு வரும். குடியரசுத் தலைவர் கைக்குட்டையால் அவர் முகத்தை மூடிவிட்டுப் பேச்சைத் தொடர்வார். இது கணவரின் அன்புக்குச் சாட்சியாம். மூடப்பட்ட முகத்துக்குள் என்ன ஓடியது என்று எழுதியவர்கள் கேட்கவில்லை.

அதே நூல்களில் ஹவாய்ப் பெண்களைத் தேடினேன். ஒரு பத்திகூட இல்லை. 1897இல் தங்கள் நாட்டை அமெரிக்காவோடு இணைப்பதை எதிர்த்து 21,269 பேர் கையெழுத்திட்டார்கள்; ஏறக்குறையப் பாதிப்பேர் பெண்கள். தனிச் சங்கம் வைத்து, தனித் தாள்களில் திரட்டியவர்கள். பதவி பறிக்கப்பட்ட அரசி லிலியுவோகலானி வாஷிங்டனிலேயே தங்கி வாதாடினார். இணைப்பு ஒப்பந்தத்துக்குச் செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு கிடைக்கவில்லை.

பிறகு ஸ்பெயினோடு போர். மணிலாவுக்குப் போகும் கப்பல்கள் வழியில் நிலக்கரி ஏற்ற வேண்டுமே! சாதாரணப் பெரும்பான்மை போதும் என்கிற கூட்டுத் தீர்மானமாக்கி நிறைவேற்றினார்கள். 1898 ஜூலை 7இல் மெக்கின்லி ஒப்பமிட்டார். 1900இல் அவர் ஒப்பமிட்ட ஹவாய் ஆட்சிச் சட்டம் ஆண்களுக்கு மட்டுமே வாக்குரிமை தந்தது. பெண்களுக்கும் தர வேண்டுமென்று தீவின் சட்டமன்றமே விரும்பினாலும், அந்த அதிகாரம் அதற்கு இல்லை.