உளியும் ஜாடியும்

ஃபிலிப் ஹென்றி காஸ் 1854-ல் எழுதிய ‘தி அக்வேரியம்’ படிச்சேன். கடல் சாமந்தியைத் தேடிப் பிடிக்கும் பரவசம் என்னையும் தொத்திக்கிச்சு. சிக்கலே அதுதான். படிச்சவங்கெல்லாம் கிளம்பி வந்து பாறைக் குட்டைகளைக் காலி பண்ணிட்டாங்கன்னு அவர் மகன் எட்மண்டே 1907-ல் ‘ஃபாதர் அண்ட் சன்’ நூலில் வருந்துகிறார். வருத்தம் நியாயம்தான், அத்தனையையும் பெயர்த்திருக்க வேண்டியதே இல்லை.

ஸ்காட்லாந்தில் ஜான் டாலியெல் 1828-ல் எடுத்துவந்த ஒரே சாமந்தி, சாதாரணக் கண்ணாடி ஜாடியில் 1887 வரை வாழ்ந்தது. பேரு ‘பாட்டி’. மாற்றிக்கொடுத்த கடல்நீர், பதினைந்து நாளுக்கு ஒருமுறை அரை மட்டிச் சதை. நம்மாட்கள் தினமும் இறால் திணிச்சு நீரைக் கெடுக்கிறாங்களே! பாட்டி அந்த ஜாடியிலேயே நூற்றுக்கணக்கில் குட்டிகளை வாய்வழியே துப்பியது. டாலியெல் 1851-லேயே போய்விட்டார். ஜாடி மட்டும் கைமாறிக்கொண்டே இருந்தது.