யாருக்காக அழுகிறோம்?

சில வருஷங்களுக்கு முன் பிள்ளையார்பாளையத்தில், ஒரு நெசவாளர் வீட்டுக் கூடத்தில் ‘காஞ்சிவரம்’ படம் போட்டுப் பார்த்தோம். பெரியவர்கள் எல்லோரும் அழுதார்கள். நானுந்தான். படம் முடிந்ததும் அந்த வீட்டுப் பத்து வயசுச் சிறுமி கேட்டாள்: “அந்த அக்காகிட்ட பட்டுப்புடவை வேணுமான்னு யாருமே கேக்கலையே?”

பிரியதர்ஷன் இயக்கிய இப்படம், 2007ஆம் ஆண்டின் சிறந்த படத்துக்கான தேசிய விருதைப் பெற்றது. வேங்கடமாக நடித்த பிரகாஷ்ராஜுக்குச் சிறந்த நடிகர் விருது. பட்டு நெய்கிறவன் வீட்டில் பட்டு இல்லை என்ற உண்மையை அது சொன்னது, மறுப்பதற்கில்லை. மகள் கைக்குழந்தையாயிருந்தபோது தந்த வாக்குக்காக அவன் பட்டிழையை வாயில் அடக்கித் திருடுகிறான். முன்னின்று நடத்திய வேலைநிறுத்தத்தையே கைவிடுகிறான். கூலி பற்றிய கோபமாகத் தொடங்கிய கதையாடல், ஓர் அப்பனின் கண்ணீராகச் சுருங்குகிறது. அந்தக் கண்ணீருக்கு முகாந்திரமாகவே மகள் பிரதிக்குள் வருகிறாள். கொடுப்பவர் பெரியவர், பெற்றுக்கொள்வது குழந்தை. பார்க்கிற பிள்ளையும் இதைத்தான் பாசமென்று படித்துக்கொள்கிறது.

ஊரின் கணக்கோ தலைகீழ். உடலும் கரையும் வேறுவேறு நிறத்தில் அமையும் கோர்வைப் புடவைக்கு, கரை நாடாவைத் தள்ளப் பக்கத்தில் இன்னொரு ஆள் வேண்டும். வெகுகாலம் அந்த ஆள் குழந்தைதான். தறி முதலாளியிடம் முன்பணம் வாங்கியவர்கள் பெற்றோர். அடைத்தவை பிள்ளையின் விரல்கள். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்தது. 1986இன் குழந்தைத் தொழிலாளர் சட்டம் நெசவைத் தடைப்பட்டியலில் சேர்த்தது. கூடவே, குடும்பத்தார் துணையோடு நடக்கும் பட்டறைகளுக்கு விலக்கும் தந்தது. இங்கே தறி இருப்பதே வீட்டுக்குள்தான்! 2003இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச், பட்டுத்தொழிலின் கொத்தடிமைக் குழந்தைகள் பற்றி அறிக்கை வெளியிட்டபோது காஞ்சிபுரமும் அதில் இருந்தது.

ஆக, திரையில் அப்பன் மகளுக்குக் கொடுத்த வாக்குக்காகச் சிறைக்குப் போகிறான். தெருவில் மகள் அப்பனின் கடனுக்காக உட்கார்ந்தாள். முதலாவதற்கு அழ நமக்குத் தெரியும். இரண்டாவதற்கு வெட்கப்படத் தெரியவில்லை. மனிதகுலம் உணர்வில் முதிர்ந்துவிட்டதா என்று கேட்கிறவர்கள் நம் கண்ணீரின் அளவைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. அது யார் பக்கம் ஓடுகிறது என்று பார்க்க வேண்டும். அந்தச் சிறுமி அழவில்லை, கேள்வி கேட்டாள். கூடத்தில் முதிர்ச்சியோடு இருந்தது அவள் ஒருத்திதான்.

அன்று எல்லோரையும்விட அதிகமாக அழுதவர் அவளுடைய பாட்டி. எட்டு வயசில் கரை தள்ள உட்கார்ந்தவர். அவர் அழுதது வேங்கடத்துக்காக. தன் எட்டு வயசுக்காக அழ இதுவரை எந்தப் படமும் அவருக்குக் கற்றுத்தரவில்லை.