முதற்காலத்தில் தெரியும் பாணி

பரதநாட்டியக் கச்சேரி முடிந்து வெளியே வருகிறவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். "மூணாம் காலத்துல என்னமா பொரிஞ்சு தள்ளிட்டா!" என்பார்கள். வேகம் யாரையும் இழுக்கும், அதில் தப்பில்லை. ஆனால் அந்த உடம்பு யாரிடம் பழகியது, எந்த ஊர் வழியில் வந்தது என்பதெல்லாம் வேகத்தில் தெரியாது. முதற்காலத்தில்தான் தெரியும். தஞ்சாவூர்ச் சீமையில் வளர்ந்த இந்த ஆட்டத்தை ரசிக்க எனக்குத் தெரிந்த நேர்வழி இதுதான்: மெதுவாக ஆடும்போது கூர்ந்து பாருங்கள்.

கணக்கு எளிது. அடவு என்பது ஆட்டத்தின் அடிப்படை அசைவு. ஒரே அடவை மூன்று காலத்தில், அதாவது மூன்று வேகத்தில், ஆடுவார்கள். முதற்காலத்தில் ஒரு தட்டுக்கு ஒரு சொல் வந்தால், இரண்டாம் காலத்தில் இரண்டு, மூன்றாம் காலத்தில் நான்கு. தாளத்தின் ஓட்டம் மாறாது. அதற்குள் அடங்கும் அசைவுகள்தான் பெருகும். மூன்றாம் காலத்தில் ஓர் அசைவுக்குக் கிடைப்பது கண்ணிமைக்கும் நேரம். கை போய்ச் சேர்ந்தால் போதும், போன வழியை யாரும் பார்க்க முடியாது. முதற்காலத்தில் அந்த வழி முழுக்கக் கண்ணுக்குத் தெரிகிறது. முழங்காலை விரித்து மடக்கிய அரைமண்டியில் அமர்ந்தபடி ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவே உள்ள நேரத்தை நிரப்புவது தொடைக்கும் மூச்சுக்கும் பெரிய சோதனை. ஆடுகிறவர்களைக் கேட்டால் வேகத்தைவிட இதுதான் கஷ்டம் என்று பலரும் சொல்வார்கள்.

நாட்டடவை எடுத்துக்கொள்ளுங்கள். "தையும் தத்தத் தையும் தா" என்ற சொல்லுக்கு ஆடுவது. அரைமண்டியில் இருந்தபடி ஒரு காலைப் பக்கவாட்டில் நீட்டிக் குதிகாலை நாட்ட வேண்டும். மறுபடி மடக்கிக் கொண்டுவந்து தட்ட வேண்டும். கால் நீளும்போது உடம்பு எழும்பக் கூடாது. ஆடுகிறவரின் தலைக்குப் பின்னால் திரையில் ஒரு மடிப்பையோ விளிம்பையோ குறித்துவைத்துக்கொள்ளுங்கள். காலை நீட்டி மடக்கும் ஒவ்வொரு முறையும் தலை அந்தக் குறியை விட்டு ஏறி இறங்கினால், மண்டி இன்னும் நிலைக்கவில்லை.

அடுத்தது காது. பாதம் முழுவதும் ஒரே நேரத்தில் தரையில் விழுந்தால் சத்தம் ஒன்று. முன்பாதம் முந்தி, குதிகால் பிந்தினால் சத்தம் இரண்டு. சலங்கை கட்டிவிட்டால் இந்த வேறுபாடு அதற்குள் அமுங்கிப்போகும். அதனால்தான் சலங்கை கட்டாமல் செய்யும் காலைநேரப் பயிற்சியைப் பார்க்கக் கிடைப்பது கச்சேரியைவிடப் பெரிய வாய்ப்பு என்பேன். உங்கள் ஊரில் நல்ல ஆசிரியர் இருந்தால் அனுமதி கேட்டு ஒரு வகுப்பில் ஓரமாக உட்கார்ந்து பாருங்கள்.

பிறகு முழங்கை. நாட்டியாரம்பத்தில் இரு கைகளும் தோள் மட்டத்தில் நீண்டிருக்கும். களைப்பு முதலில் எட்டிப்பார்ப்பது முழங்கையில்தான். அது மெல்லத் தொங்கத் தொடங்கும். கை வெளியே போகும்போது எல்லோருக்கும் அழகாகத்தான் போகும். அது மார்புக்குத் திரும்பிவரும் வழியைப் பாருங்கள். நல்ல பயிற்சி உள்ளவருக்குத் திரும்பிவருவதும் ஆட்டம்தான். கண்ணும் கூடவே வரும்.

இவ்வளவையும் உடம்பில் ஏற்றியவர்கள் நட்டுவனார்கள். மேடையில் ஆடுகிறவர்கள் அல்ல அவர்கள். தட்டுமனையில் தட்டுகழியால் தட்டிக்கொண்டு, வாயால் சொற்கட்டு சொல்லி, உட்கார்ந்த இடத்திலிருந்தே ஆட்டக்காரரை உருவாக்கினார்கள். பாட்டு, தாளம், சாகித்தியம் எல்லாம் கைவந்தவர்கள். தந்தையிடமிருந்து மகனுக்கு, மாமனிடமிருந்து மருமகனுக்கு என்று வித்தை இறங்கியது. தட்டடவு, நாட்டடவு, மெட்டடவு, தீர்மான அடவு என்று வரிசையாக உடம்பில் படியும்வரை உருப்படிப் பக்கம் விடமாட்டார்கள். இன்றைக்கு அரங்கேற்றத்துக்கு மண்டபத்தைப் பிடித்துவிட்டு அடவு தொடங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படி வளர்ந்த கால்களை முதற்காலம் காட்டிக்கொடுத்துவிடும்.

இத்தனை நட்டுவக் குடும்பங்கள் காவிரிக்கரையில் ஏன் திரண்டன? நெல்தான் காரணம். 1010இல் குடமுழுக்குக் கண்ட தஞ்சாவூர்ப் பெரிய கோயிலின் திருச்சுற்று மதிலில் சோழ மன்னன் ராஜராஜன் வெட்டிவைத்த கல்வெட்டு, சோழநாட்டுக் கோயில்கள் பலவற்றிலிருந்து அழைத்துவந்து குடியமர்த்திய 400 தளிச்சேரிப் பெண்டுகளை, அதாவது கோயிலில் ஆடும் பெண்களை, ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. ஆளுக்கு ஒரு வீடு, ஒரு பங்கு. பங்கு என்றால் ஆண்டுக்கு 100 கலம் நெல். நட்டுவம் செய்பவருக்கு இரண்டு பங்கு. பிற்காலத்தில் மராட்டியர் அரண்மனையும் கோயில் மானியங்களும் இந்தக் கலையைத் தாங்கின. வயல் விளைந்தவரை ஊருக்கு ஊர் ஒரு நட்டுவக் குடும்பம் தன் வழியைக் காத்துக்கொண்டு வாழ முடிந்தது.

அரண்மனைக் காலத்தில் வந்தவர்கள்தான் தஞ்சை நால்வர்: சின்னய்யா, பொன்னய்யா, சிவானந்தம், வடிவேலு. 1802க்கும் 1810க்கும் இடையில் பிறந்த சகோதரர்கள். முத்துசுவாமி தீட்சிதரிடம் இசை பயின்றவர்கள். தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜியின் அவையில் இருந்தவர்கள். அலாரிப்பு, ஜதீஸ்வரம், சப்தம், வர்ணம், பதம், தில்லானா என்று இன்று நாம் பார்க்கும் கச்சேரி வரிசைக்கு உருக்கொடுத்தவர்கள் இவர்கள்தான். பிறகு சின்னய்யா மைசூர் அவைக்கும், வடிவேலு திருவிதாங்கூரில் சுவாதித் திருநாளின் அவைக்கும் போனார்கள். தஞ்சாவூர் மேல வீதியில் அவர்கள் வீடு இருக்கிறது. பெரிய கோயிலைப் பார்க்க வருகிறவர்கள் கொஞ்சம் நடந்தால் போதும், ஆனால் பலர் அந்தப் பக்கம் போவதில்லை. எனக்கு அதில் மனத்தாங்கல் உண்டு.

ஒரு குடும்பத்து வித்தை பாணிகளாகப் பிரிவதற்கு, இதே காலத்தில் சீனாவில் நடந்ததையும் சொல்ல வேண்டும். ஹெனான் மாநிலத்தில் சென் குடும்பத்தின் கிராமத்துக்குள்ளேயே புழங்கிய தாய்ச்சி என்ற போர்க்கலையை, 1799இல் பிறந்த யாங் லூசான் என்ற வெளியாள் அங்கே போய்க் கற்றார். பின்னர் பெய்ஜிங்கில் அரச குடும்பத்தினருக்குக் கற்பித்தார். அவர் வழி யாங் பாணி ஆயிற்று. மூலக் குடும்பத்தின் வழி சென் பாணியாக நின்றது. சென் வழியில் மெதுவான அசைவுக்கு நடுவே திடீரென்று ஒரு வெடிப்பு வரும். யாங் வழி ஒரே சீராகப் போகும். அங்கேயும் ஆசான்கள் மெதுவாகச் செய்யச் சொல்லித்தான் மாணவரைச் சோதிக்கிறார்கள். மெதுவாகச் செய்கிறபோது எடையை எந்தக் காலில் வைத்திருக்கிறார் என்பதை மறைக்க முடியாது.

நம் ஊருக்கு வருவோம். கும்பகோணம் பக்கத்துப் பந்தநல்லூரில் வாழ்ந்த நட்டுவனார் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1869–1954), நால்வர் வழி வந்தவர். மயிலாடுதுறைப் பக்கத்து வழுவூரைச் சேர்ந்த நட்டுவனார் ராமையா பிள்ளை (1910–1991). இரண்டும் ஒரே நெல்வயல் நாட்டு ஊர்கள்தான், ஆனால் ஆட்டம் வேறு.

பந்தநல்லூர் பாணியில் கோடு முக்கியம். மண்டி ஆழமாக இருக்கும். கை நேராக நீண்டு, சேர வேண்டிய இடத்தில் சேர்ந்து, அங்கே நிற்கும். முதற்காலத்தில் பார்த்தால் அந்த நிற்றல்தான் பாணி: தட்டு விழுந்ததும் அசைவு முடிந்திருக்கும், அடுத்த தட்டு வரை வடிவம் குலையாமல் இருக்கும். முகத்தில் அடக்கம் இருக்கும். வழுவூரில் அசைவு நிற்காது, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போகும். இடுப்புக்கு மேல் உடம்பு சற்றே முன்சாயும். நடுநடுவே சிலைபோன்ற நிலைகள், துள்ளல்கள், கழுத்திலும் கண்ணிலும் ஒரு குழைவு. குமாரி கமலா திரைப்படங்களில் ஆடியவற்றைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். அவர் ராமையா பிள்ளையின் மாணவி. எது உயர்ந்தது என்று என்னைக் கேட்காதீர்கள். ஆனால் முதலில் பந்தநல்லூரைப் பார்த்துக் கண்ணைப் பழக்கிக்கொண்டு பிறகு வழுவூரைப் பார்ப்பது நல்லது என்று நினைக்கிறேன். நேர்கோடு பழகிய கண்ணுக்குத்தான் வளைவின் துணிச்சல் தெரியும்.

பாணி தெரிந்துவிட்டால் எல்லாம் தெரிந்துவிட்டதாகாது. ஒரே ஆசானின் மாணவர்களே ஒன்றுபோல ஆடியதில்லை. மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் கற்றவர்கள் ருக்மிணிதேவி, ராம் கோபால், மிருணாளினி சாராபாய், சாந்தா ராவ். ருக்மிணிதேவி 1935இல் அடையாறில் ஆடினார், 1936இல் கலாக்ஷேத்திரா என்ற கலைப்பள்ளியைத் தொடங்கினார். அங்கே அடவு இன்னும் வரையறுத்த வடிவம் பெற்றது. சாந்தா ராவின் ஆட்டம் வலுவும் வேகமும் கொண்டதென்று பெயர் பெற்றது. ராமையா பிள்ளையின் மாணவி பத்மா சுப்ரமணியம் கரணம் எனப்படும் ஆட்ட அசைவுகளைக் காட்டும் கோயில் சிற்பங்களை ஆராய்ந்து தனி வழியே கண்டார். பெரிய கோயில் விமானத்தின் மேல்தளத்தில் 108 கரணங்களில் 81 செதுக்கப்பட்டு, மீதிக் கற்கள் வெறுமையாக நிற்கின்றன. அங்கே பொதுமக்கள் ஏற முடியாது. சிதம்பரம் கோபுர வாசல்களில் 108ஐயும் நின்று பார்க்கலாம்.

இந்தப் பெரிய பெயர்களுக்கு முன்னால் இரு பெண்களைச் சொல்லியாக வேண்டும். திருவாளப்புத்தூர் கல்யாணியின் மகள்களான ராஜலட்சுமியும் ஜீவரத்தினமும் 1931இல் சென்னை மியூசிக் அகாடமியில் ஆடினார்கள். மீனாட்சிசுந்தரம் பிள்ளை தயாரித்தவர்கள். அந்த மேடைதான் நகரத்துப் பெரிய வீட்டாரின் கண்ணை இந்த ஆட்டத்தின் பக்கம் திருப்பியது. பெண்களைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் பொட்டுக்கட்டு வழக்கத்தைத் தடுக்கும் சட்டம் 1947இல் வந்தது. வழக்கம் போக வேண்டியதுதான். ஆனால் அதற்கு முன்பும் பின்பும் வழிவழியாகக் கோயிலில் ஆடிவந்த குடும்பங்களின் பெண்களிடமிருந்து மேடையும் கைநழுவிப் போனது. ஆட்டத்தை ரசிக்கிறவர்கள் அந்த இழப்பையும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

அந்த மரபின் உச்சம் பாலசரஸ்வதி (1918–1984). நால்வர் வழிவந்த கந்தப்பப் பிள்ளையிடம் கற்றவர். அவர் அபிநயத்தைப் பற்றி எழுத இந்தக் கட்டுரை போதாது. சத்யஜித் ரே 1976இல் எடுத்த 'பாலா' ஆவணப்படத்தைத் தேடிப் பாருங்கள். அதில் ஐம்பது வயதைத் தாண்டிய உடம்பு எதை விட்டுவிடுகிறது, எதை விடாமல் வைத்திருக்கிறது என்று கவனியுங்கள்.

இனி மேடை. மெதுவான ஆட்டத்தை வகுப்பில் மட்டும்தான் பார்க்க முடியும் என்றில்லை. வர்ணத்தின் முதல் தீர்மானத்தை (சொற்கட்டுக்கு ஆடும் பகுதியை) பெரும்பாலும் திரிகாலத்தில், அதாவது மூன்று காலத்திலும், அமைப்பார்கள். பல்லவியை ஒரு முறை பாடியதும் நட்டுவனார் தாளத்தைத் தட்டிச் சொல் சொல்லத் தொடங்குவார். முதலில் வருவது முதற்காலம். அந்தச் சில விநாடிகளில் பேச்சை நிறுத்துங்கள், கைப்பேசியை வையுங்கள். முழங்கை எந்த உயரத்தில் இருக்கிறது, கை எந்த வழியில் திரும்புகிறது என்று மனசில் வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு மூன்றாம் காலம் வரும்போது அதே வழி இருக்கிறதா, குறுக்குவழி பிடிக்கிறாரா என்பது உங்களுக்கே தெரியும்.

பாணிகளை ஒப்பிட்டுப் பார்க்க மகாசிவராத்திரியையொட்டி நடக்கும் நாட்டியாஞ்சலிக்கு ஈடில்லை. சிதம்பரத்தில் 1981இல் தொடங்கியது; இன்று தஞ்சாவூர், மயிலாடுதுறை என்று டெல்டாவில் பல ஊர்களில் நடக்கிறது. ஒருவருக்குச் சில உருப்படிகளுக்குத்தான் நேரம். அதனால் ஒரே மாலையில் நாலைந்து பாணிகள் அடுத்தடுத்து வரும். நடுவில் இடம் கிடைக்கவில்லையே என்று வருந்தாதீர்கள். எதிரே உட்கார்ந்தால் முழங்கால் எவ்வளவு விரிகிறது என்பது தெரியும். பக்கவாட்டில் உட்கார்ந்தால்தான் முதுகு தெரியும். வழுவூரின் முன்சாய்வு வேண்டுமென்றே வைத்தது. களைத்துப்போன உடம்பும் முன்னால் சாயும். அரை மணி நேரம் பக்கத்திலிருந்து பார்த்தால் இரண்டையும் பிரித்துச் சொல்லிவிடுவீர்கள்.