நடந்த பாதையும் மறைத்த பக்கங்களும்

நூலைத் திறனாய்வு செய்கிறோம். நாடகத்தைத் திறனாய்வு செய்கிறோம். மேடைப் பேச்சையும் திரைப்படத்தையும் தராசில் இட்டு நிறுக்கிறோம். ஆனால் மக்களை வரிசையில் நிறுத்தி, வழிகாட்டி ஒருவர் முன்னே நடந்து, "இதோ பாருங்கள், அதோ கேளுங்கள்" என்று ஊர் ஊராய் விளக்கிச் செல்லும் திருப்பயணத்தை மட்டும் எவரும் தராசில் இடுவதில்லை. அதுவும் ஒரு நூல்தான். அதற்கும் ஆசிரியன் உண்டு; அதிகாரங்கள் உண்டு. எழுதிய பக்கங்கள் உண்டு. கிழித்தெறிந்த பக்கங்களும் உண்டு.

அத்தகைய நூல் ஒன்றை அண்மையில் காலால் படித்தோம். வேளிமலையிலே பிறந்த வள்ளியாறு கடலோடு கலக்கின்ற ஊர் கடியப்பட்டணம். அவ்வூர் மீனவ இளைஞர் சிலர் தேவசகாயம் பாதையில் நடக்கப் புறப்பட்டபோது, ஆசிரியத் தொழில் புரியும் நாமும் உடன் சென்றோம். பக்தி நம்மை அழைக்கவில்லை, வரலாறு அழைத்தது. நட்டாலம், பத்மநாபபுரம், புலியூர்க்குறிச்சி, கோட்டாறு, ஆரல்வாய்மொழி என இரண்டு நாள் நடை.

யார் இந்தத் தேவசகாயம்? 1712-இல் நட்டாலத்தில், நாயர் குடும்பத்தில் நீலகண்ட பிள்ளையாகப் பிறந்தவர். திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மரின் பத்மநாபபுரத்து அரண்மனை அலுவலர். 1741-இல் குளச்சல் போரில் தோற்றுப் பின் அதே மன்னரின் படைத்தலைவரான டச்சுக்காரர் டிலனாயின் நட்பால் கிறித்தவம் அறிந்தவர். 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றார். 1749-இல் சிறைப்பட்டார். 1752 சனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். கோட்டாறு சவேரியார் கோயிலில் அடக்கமானார். 2022 மே 15 அன்று வத்திக்கான் அவரைப் புனிதர் என்று அறிவித்தது. இந்தியப் பொதுநிலையினருள் அப்பட்டம் பெற்ற முதல் மனிதர் அவரே.

அவர் கொலையுண்டது மதத்திற்காகவா, அரசுக் குற்றத்திற்காகவா என்று வரலாற்று ஆசிரியரிடையே வழக்கு உண்டு. ஆயினும் வத்திக்கான் தரும் காரணம் ஒன்றை நாம் குறித்துக்கொள்ள வேண்டும். சாதி வேறுபாடு பாராது எல்லாரும் சமம் என்று அவர் வற்புறுத்தினார். அது மேல்சாதியாரின் பகையை மூட்டியது என்பதே அது. அவரை எருமை மேல் ஏற்றி ஊர்வலம் விட்டார்கள் என்பது மரபுக் கதை. குதிரை இருந்த நாட்டில் எருமை எதற்கு? சாதியின் ஏணியிலிருந்து தானே இறங்கி வந்தவனை, "இதோ இழிந்தவன்" என்று ஊருக்குக் காட்டத்தான்! இந்த நூலின் உயிர்நாடி இதுவே. வழிகாட்டி இந்தப் பக்கத்தில் எவ்வளவு நேரம் நின்றார்? ஒரு வாக்கியம் சொல்லி நடந்துவிட்டார்.

அவர் நின்று நிதானித்த இடங்கள் வேறு. புலியூர்க்குறிச்சியில் முட்டிடிச்சான் பாறை. தாகத்தால் தேவசகாயம் இடித்தாராம். கல் நெகிழ்ந்து நீர் ஊறிற்றாம். காற்றாடிமலையில் மணியடிச்சான் பாறை. அவர் சுடப்பட்டபோது ஒரு கல் உருண்டு மணிபோல் ஒலித்ததாம். இன்றும் தட்டினால் ஒலிக்கிறது. நம்முடன் வந்தோர் வரிசையில் நின்று தட்டினர். நாமும் தட்டினோம். ஒலித்தது, இனிமையாகவே ஒலித்தது.

அதில் அற்புதம் எங்கே? பாறையின் வெடிப்புகளில் மழைநீர் தங்கும். இடுக்கு வழியே கசியும். மலையடிவாரத்து உழவன் எவனைக் கேட்டாலும் சொல்வான். அடர்த்தி மிக்க, உட்பிளவற்ற பாறை, தரையை இரண்டொரு முனைகளில் மட்டும் தொட்டு நின்றால், தட்டும்போது முழுதும் அதிர்ந்து மணியோசை எழுப்பும். சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலின் இசைத்தூண்கள் ஒலிப்பதும் இந்த இயல்பினாலேதான். அங்கே தட்டுகிறவர் சிவன் பெருமை என்கிறார். இங்கே தட்டுகிறவர் புனிதர் பெருமை என்கிறார். கல்லுக்கு மதம் இல்லை. அது யார் தட்டினாலும் ஒலிக்கிறது.

அற்புதத்தை நம்பியதற்காக நாம் எவரையும் எள்ளவில்லை. கடலில் உயிரைப் பணயம் வைத்துப் பிழைப்போர் ஒரு துணையைத் தேடுவது நமக்குப் புரிகிறது. நம் குற்றச்சாட்டு வேறு. நீர் ஊறிய கதைக்கு அரைமணி நேரம். சாதியை எதிர்த்த செய்திக்கு அரை நிமிடம். சமத்துவம் பேசியதற்காக ஒருவன் உயிர் துறந்தான் என்றால், கேட்பவனும் நாளை சமத்துவம் பேச வேண்டிவரும். பாறை ஒலித்தது என்றால் தட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம். அற்புதம் எளிது, அறம் கடினம்!

இன்னொரு பல்லவி வழியெங்கும் ஒலித்தது: "உயர்ந்த குடும்பம், பெரிய பதவி, அத்தனையும் துறந்தார்." நட்டாலத்திலும் உயர்குடி, கோட்டாற்றிலும் உயர்குடி. உடன் வந்த இளைஞன் ஒருவன் நம் அருகே வந்து மெல்லக் கேட்டான்: "சார், நம்ம கடப்புறத்துக்காரங்க பேரு இதுல ஒண்ணும் வராதா?"

அந்தக் கேள்விக்கு வழிகாட்டியின் நூலில் விடையில்லை. வரலாற்றில் இருக்கிறது. தேவசகாயத்திற்கு இருநூறு ஆண்டுகள் முன்பே, 1544-இல், இதே திருவிதாங்கூர்க் கடற்கரையில் பிரான்சிஸ் சவேரியார் ஒரு மாதத்தில் பதினாயிரத்துக்கு மேற்பட்டோர்க்குத் திருமுழுக்கு அளித்ததாகத் தாமே மடல் எழுதினார். அந்தப் பதினாயிரவர் மீனவர். அவர்கள் எண்ணிக்கையாக நிற்கிறார்கள், பெயராக நிற்கவில்லை. மேலிருந்து இறங்கியவனுக்குத் தியாகி என்ற பெயர். கீழே பிறந்து கீழேயே உழன்றவனுக்குக் கணக்குப் புத்தகத்தில் ஓர் எண். துறப்பதற்குச் செல்வம் இருந்தால்தான் துறவு போற்றப்படுமெனில், ஏழை எதைத் துறந்து பெருமை பெறுவான்? பிறப்பின் உயர்வைப் பாடிப் பாடித் துறவைப் புகழ்வது, சாதியை வாசல் வழியே அனுப்பிவிட்டுச் சன்னல் வழியே அழைப்பதாகும். "பிள்ளை" என்ற சாதிப் பட்டத்தைப் பெயரிலிருந்து நீக்குக என்று கோரிக்கை எழுந்தது, வத்திக்கானும் நீக்கியது. ஏட்டிலிருந்து நீங்கிய பட்டம் வழிகாட்டியின் நாவிலிருந்து நீங்கவில்லை.

கிழிக்கப்பட்ட பக்கங்களில் பெரியது வடக்கன்குளம். "அங்கே ஞானஸ்நானம் பெற்றார்" என்றதோடு உரை முடிந்தது. அதே வடக்கன்குளத்துக் கோயிலில் வேளாளருக்கு ஒரு பகுதி, நாடாருக்கு ஒரு பகுதி என்று சாதிச் சுவர் நின்றதே, அதை யார் சொல்வது? 1910-இல் அச்சுவர் இடிக்கப்பட்டதும், இடித்தது தவறென்று வேளாளர் வழக்காடித் தோற்றதும் சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்ற செய்தியாயிற்றே! சமத்துவத்துக்காக உயிர் கொடுத்தவர் முழுக்குப் பெற்ற ஊரில், அவர் மறைந்து ஒன்றரை நூற்றாண்டு கடந்தும் சுவர் நின்றது. இதைச் சொன்னால் புனிதரின் பெருமை குறையாது. அவர் எத்தகைய நோயோடு போரிட்டார் என்பது அப்போதுதான் விளங்கும்.

இந்து நண்பர் புன்முறுவல் பூக்க வேண்டா. அதே நட்டாலத்தில்தான் சிவாலய ஓட்டம் முடிகிறது. சிவராத்திரிக்கு முஞ்சிறைத் திருமலையில் தொடங்கிப் பன்னிரண்டு சிவன் கோயில்களை, கையில் விசிறியும் வாயில் "கோவிந்தா, கோபாலா"வுமாக ஓடி வணங்குகிறார்கள். எல்லாரும் ஓடலாம், இன்று. 1936 நவம்பர் 12 அன்று திருவிதாங்கூரில் கோயில் நுழைவுப் பிரகடனம் வரும்வரை, தாழ்த்தப்பட்டோர் என்று ஒதுக்கப்பட்டோர் எந்தக் கோயிலின் படியை மிதித்திருக்க முடியும்? பன்னிரண்டு வாயில்களும் அவர்க்கு அடைத்த வாயில்களே.

கோயில் கிடக்கட்டும், சாலையே மறுக்கப்பட்ட நாடு இது! வைக்கத்தில் கோயிலைச் சூழ்ந்த தெருக்களில் நடக்கும் உரிமைக்காக 1924-இல் போராட்டம் மூண்டது. பெரியார் இருமுறை சிறை புகுந்தார். இந்த நாஞ்சில் நாட்டிலேயே, நாம் இளைப்பாறிய கோட்டாற்றுக்கு அருகே, சுசீந்திரத்தில் 1926-இலும் 1930-இலும் அதே உரிமைக்காக டாக்டர் எம். இ. நாயுடு போன்றோர் அறப்போர் நடத்தினர். தடையின்றி, கொடி பிடித்து, பாட்டுப் பாடி நாம் நடந்தோமே, அந்த உரிமையை எந்தத் தேவதூதனும் வானிலிருந்து கொண்டுவந்து தரவில்லை. அடிபட்டவர்களும் சிறைபட்டவர்களும் பெற்றுத் தந்தார்கள்.

ஆகவே நம் தீர்ப்பு இதுதான். நடை நன்று. கடற்கரை இளைஞன் மலையடிவாரம் வரை நடந்து, தன் மாவட்டத்தைத் தன் காலால் அளப்பது மிக நன்று. டிலனாயின் கல்லறை கிடக்கும் உதயகிரிக் கோட்டையில் நின்று போரையும் பேரரசையும் எண்ணுவது நன்று. சொல்லப்பட்ட உரைதான் நடையின் தகுதிக்கு எட்டவில்லை.

தோழர்களே! இத்தகைய பயணங்களை விட்டு விலகி நின்று நகைப்பதால் பயனில்லை. உடன் நடப்போம். பாறையைத் தட்டும்போது அது ஏன் ஒலிக்கிறது என்று அருகிலிருப்பவனுக்குச் சொல்வோம். வடக்கன்குளம் என்ற பெயர் வந்தால் சுவர் என்ன ஆயிற்று என்று வழிகாட்டியைக் கேட்போம். நட்டாலத்தில் 1936-ஐ நினைவூட்டுவோம்; கோட்டாற்றில் சுசீந்திரத்தை நினைவூட்டுவோம். கடியப்பட்டணத்து இளைஞன் கேட்ட கேள்வியை அடுத்த பயணத்தில் பத்துப் பேர் உரக்கக் கேட்கட்டும். வழிகாட்டிகள் விடை தேடிப் படிக்கத் தொடங்குவார்கள்.