மேல்தளமும் பங்கரும்: ஆகாயக்கப்பல் மோகம் குறித்துச் சில எண்ணங்கள்

‘ஸ்டீம்பங்க்’ என்ற பெயரை 1987இல் கே. டபிள்யூ. ஜீற்றர் என்ற அமெரிக்க எழுத்தாளர் பாதி வேடிக்கையாகவே முன்வைத்தார். நீராவி இயந்திரம், பித்தளைப் பற்சக்கரம், விக்ரோறியா காலத்து உடை ஆகியவற்றைக் கொண்டு, நடந்தேயிராத ஒரு பத்தொன்பதாம் நூற்றாண்டைக் கற்பனை செய்யும் எழுத்துக்கு அவர் இட்ட பெயர் அது. பின்னர் அது எழுத்தோடு நிற்கவில்லை. திரைப்படம், ஓவியம், உடை, கைவினை எனப் பரந்து ஒரு தனி ரசனையாகவே ஆகிவிட்டது. இந்த ரசனைக்கு ஒரு கொடி இருக்குமானால் அதில் பொறிக்கத்தக்க சின்னம் ஆகாயக்கப்பல்தான். ரொறன்ரோவில் வளரும் எமது பிள்ளைகள் சிலரும் இதில் ஈடுபாடு கொள்கிறார்கள். தோல் மேலங்கியும் பழங்கால விமானியின் கண்ணாடியுமாக அவர்கள் போவதைக் கண்டு முகஞ்சுளிப்பது எளிது. ‘விளையாட்டுத்தானே’ என்று விட்டுவிடுவதும் எளிது. இந்த மோகம் எதனைக் காண்கிறது, எதனைக் காணாமல் விடுகிறது என்று கேட்பதே விமர்சனத்தின் வேலை.

முதலில், கவர்ச்சிக்குரிய நியாயத்தைக் கொடுத்துவிடுவோம். இந்த நகரத்தின் மேலாகவே அப்படியொரு கப்பல் பறந்திருக்கிறது. 1930 யூலை 29ஆம் திகதி இங்கிலாந்திலிருந்து புறப்பட்ட ‘ஆர்-100’, 78 மணித்தியாலங்களில் அத்திலாந்திக்கைக் கடந்து, ஓகஸ்ட் 1ஆம் திகதி மொன்றியலுக்கு அருகே கம்பத்தில் கட்டப்பட்டது. இருநூறு மீற்றருக்கு மேல் நீளம். உள்ளே உணவுக்கூடம், படிக்கட்டு, படுக்கையறைகள், உலாவித் திரிய மேல்தளம். சில நாட்களின் பின் ஒட்டாவா, ரொறன்ரோ, நயாகரா என ஒரு சுற்றுப் போனது. அதனைக் கட்டிய பொறியியலாளர்களில் ஒருவரான நெவில் ஷூட் நோர்வே இப்பயணத்தில் கூடவே வந்தார். பிற்காலத்தில் நாவலாசிரியராக உலகப் புகழ்பெற்ற நெவில் ஷூட் இவரே. 1954இல் வெளிவந்த ‘ஸ்லைட் றூல்’ என்ற அவரது தன்வரலாற்றைப் படிப்பவர்க்கு, கையாற் கணக்கிட்டு இத்தகைய பெரும் பொருளை வானில் ஏற்றிய மனிதரின் உழைப்பின்மீது மரியாதை வராமற் போகாது. இயந்திரத்தை நேசிப்பது குற்றமல்ல.

ஆனால் அந்தக் கப்பல் ஏன் கட்டப்பட்டது? 1924இல் தொடங்கிய பிரித்தானிய அரசின் ஆகாயக்கப்பல் திட்டத்தில் இரண்டு கப்பல்கள் இருந்தன. ‘ஆர்-100’ கனடாவுக்கு வந்தது. ‘ஆர்-101’ கராச்சிக்குப் போகவிருந்தது. அங்கே அதற்கென ஒரு பிரமாண்டமான கொட்டகையும் கட்டிவைக்கப்பட்டிருந்தது. சாம்ராச்சியத்தின் இரு முனைகளையும் இலண்டனோடு இழுத்துக் கட்டுவதே நோக்கம். 1930 ஒக்ரோபர் 5ஆம் திகதி அதிகாலை ‘ஆர்-101’ பிரான்சில் விழுந்து எரிந்தது. 54 பேரில் 48 பேர் மாண்டனர். ரொறன்ரோ பார்த்த ‘ஆர்-100’ அதன்பின் பறக்கவேயில்லை. அடுத்த ஆண்டே உடைத்து விற்கப்பட்டது. நடக்காமற் போனது என்பதாலேயே ஆகாயக்கப்பலுக்கு ஒரு களங்கமற்ற தன்மை கிடைத்துவிட்டது. விமானம் செய்ததெல்லாம் வரலாற்றில் உண்டு. ஆகாயக்கப்பல் செய்யத் தவறியதெல்லாம் கற்பனைக்கு மிச்சமாயிற்று.

உண்மையில் அதுவும் களங்கமற்றதல்ல. 1915இல் இலண்டன் மக்கள் செப்பலின்களின் குண்டுகளுக்கு அஞ்சி ஓடினார்கள். இலக்கியத்திலும் இதே இரட்டைத் தன்மை ஆரம்பத்திலேயே இருந்தது. ருட்யார்ட் கிப்ளிங் 1905இல் எழுதிய ஒரு கதையில், 2000ஆம் ஆண்டில் ஒரு தபால் ஆகாயக்கப்பல் இலண்டனிலிருந்து கியூபெக்குக்கு வருகிறது. புயல், விளக்குகள், மாலுமிகளின் பேச்சு எல்லாமே அழகு. உலகத்தை வான்போக்குவரத்து வாரியம் ஒன்று நிர்வகிக்கிறது. 1912இல் அவர் அதே உலகத்தை வைத்து இன்னொரு கதை எழுதினார். இதில் வாரியத்தின் கப்பற்படை அமெரிக்காவில் ஒரு கூட்டத்தை அடக்கப் போகிறது. கண்ணைக் குருடாக்கும் ஒளியையும் தாங்கமுடியாத ஒலியையும் மேலிருந்து பாய்ச்சுகிறது. ஒருவரும் சாகவில்லை என்பதில் ஆசிரியருக்கு எவ்வளவு திருப்தி! கீழே நின்றவனுக்கு அந்தக் கணம் எப்படியிருந்தது என்பதைக் கதை மேல்தளத்திலிருந்தே தீர்மானித்துவிடுகிறது.

மைக்கல் மூர்கொக் 1971இல் எழுதிய ‘த வோர்லோட் ஒவ் த எயர்’ நாவல் இதனைத் தலைகீழாக்குகிறது. 1902இல் இமயப் பகுதியில் நிற்கும் ஒரு பிரித்தானியப் படை அதிகாரி 1973இல் விழித்தெழுகிறான். உலகப் போர்கள் நடக்கவில்லை. சாம்ராச்சியங்கள் கலையவில்லை. வானமெங்கும் ஆகாயக்கப்பல்கள். முதலில் அவன் மயங்குகிறான். அந்த அமைதியின் விலையைக் கொடுப்பவர்கள் யார் என்பதைப் பின்னர் அறிகிறான். கடைசியில் அவன் பயணிக்கும் கப்பலே ஹிரோஷிமாவின் மீது அணுகுண்டை வீசுகிறது. ‘ஸ்டீம்பங்க்’ என்ற பெயர் பிறப்பதற்குப் பதினாறு ஆண்டுகள் முன்பே அந்த மோகத்தின் மீதான விமர்சனம் எழுதப்பட்டுவிட்டது. அதன்பின் வந்த ரசிகக் கூட்டம் மூர்கொக்கின் கப்பல்களை எடுத்துக்கொண்டது. அவருடைய கேள்வியைக் கீழே விட்டுவிட்டது.

அந்தக் கேள்வி எமக்குப் புதியதல்ல. வானத்தை நாம் கற்றது மேல்தளத்திலிருந்து அல்ல, பங்கரின் வாயிலிலிருந்து. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் உருவத்தைக் காணுமுன் ஒலியைக் கொண்டே சியாமாசெட்டியையும் புக்காராவையும் கிபிரையும் பிரித்தறிந்தார்கள். 1995 யூலை 9இல் நவாலி சென் பீற்றர்ஸ் தேவாலயத்தில் தஞ்சமடைந்திருந்தோர்மீது குண்டு விழுந்து நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர். தொழிலாளர் தின வார இறுதியில் ரொறன்ரோ ஏரிக்கரையில் நடக்கும் விமானக் கண்காட்சியின்போது கட்டிலுக்கடியில் ஒதுங்கிய மனிதர்களை எம்மில் பலரும் அறிவோம். போரிலிருந்து வந்த வேறு சமூகத்தவரும் இதுபற்றி முறையிட்டு வந்துள்ளனர்.

ஒரு சொல்லை மட்டும் எடுத்துப் பார்ப்போம்: ‘அவ்ரோ’. கனடியருக்கு இது மோல்ரனில் கட்டப்பட்ட ‘அவ்ரோ அரோ’. 1958 மார்ச் 25இல் முதன்முதல் பறந்து, 1959 பெப்ரவரி 20இல் அரசினால் கைவிடப்பட்டு, துண்டுதுண்டாக வெட்டப்பட்ட போர் விமானம். ஒரே நாளில் ஏறத்தாழ 14,000 பேர் வேலையிழந்தனர். இன்றும் அதற்காகப் பெருமூச்சு விடுவோர் உண்டு. அதே மோல்ரனில் 1945இல் கட்டப்பட்ட லங்காஸ்ரர் குண்டுவீச்சு விமானம் ஒன்று ஹமில்ரன் அரும்பொருளகத்திலிருந்து பறக்கிறது. உலகில் பறக்கும் நிலையிலுள்ள லங்காஸ்ரர்கள் இரண்டே. எமக்கோ ‘அவ்ரோ’ என்பது இரத்மலானைக்கும் பலாலிக்கும் இடையே எயர் சிலோன் பறக்கவிட்ட 748. 1978 செப்ரெம்பர் 7இல், புதிய அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்த அன்றே, அதிலொன்று இரத்மலானையில் குண்டுவைத்துத் தகர்க்கப்பட்டது. பின்னர் அதே ரகம் விமானப்படையின் படையேற்றும் வாகனமாயிற்று. 1995 ஏப்பிரல் 28இலும் 29இலும் இரண்டு அவ்ரோக்கள் பலாலிக்கருகே ஏவுகணையால் வீழ்த்தப்பட்டன. உள்ளிருந்தோர் அனைவரும் மாண்டனர். ஒரே நிறுவனப் பெயர். ஒரு வீட்டில் ஏக்கம், அடுத்த வீட்டில் நடுக்கம். மோல்ரன் விமான நிலையத்தில் இறங்கி அகதி அந்தஸ்துக் கேட்டவர்கள் இரண்டு வீட்டுக்கும் இடையில் நிற்கிறார்கள்.

இவ்வளவையும் பிறர்மீது மட்டும் சுமத்திவிட்டு எழுந்துபோவது நேர்மையாகாது. எமக்கும் சொந்தமாக ஆகாயக்கப்பல் மோகம் உண்டு. புட்பக விமானத்தைக் காட்டி ‘அன்றே நாம் பறந்தோம்’ என்போர் தமிழரிலும் உளர், சிங்களவரிலும் உளர். இலங்கையின் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபை 2020இல் இராவணனின் வான்வழி பற்றிய ஆவணங்களைக் கேட்டுப் பத்திரிகையில் விளம்பரமே செய்தது. புட்பகம் குபேரனிடமிருந்து பறிக்கப்பட்ட சொத்து என்பதைப் பெருமை பேசுவோர் ஞாபகங்கொள்வதில்லை. எயர் சிலோன் 1947 டிசெம்பர் 10இல் தனது முதற் பயணத்தை இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்கு நடத்தியது. அந்த டக்கோட்டாவுக்கு இட்ட பெயர் ‘சீதாதேவி’. வான்வழியே கவர்ந்து செல்லப்பட்டவளின் பெயரை விமானத்துக்கு இட்டபோது எவரும் சிரித்ததாகத் தெரியவில்லை.

இந்தியாவில் ‘வைமானிக சாஸ்திரம்’ என்ற நூலைப் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தினர் 1974இல் ஆராய்ந்து, அது இருபதாம் நூற்றாண்டில் எழுதப்பட்டது, அதிலுள்ள கலங்கள் பறக்கமாட்டா என்று காட்டினர். ஆயினும் 2015இல் மும்பை விஞ்ஞான மாநாட்டில் அது மீண்டும் மேடையேறியது. 2007 மார்ச் 26இல் புலிகளின் சிறு விமானம் கட்டுநாயக்காவைத் தாக்கியபோது ‘எமக்கும் விமானம்’ என்று பூரித்ததும் இதே மனநிலைதான். இராவணனின் புட்பகமும் விக்ரோறியாவின் கப்பலும் தோற்றத்தில் வேறு, பார்வை ஒன்றே. மேலே நாம் நிற்கிறோம் என்ற எண்ணம் வந்ததும் கீழே நிற்பவர் மறைந்துபோகிறார்.

இதற்கு மாற்று எம் இலக்கியத்திலேயே இருக்கிறது. திருத்தக்க தேவரின் சீவக சிந்தாமணியில் வரும் மயிற்பொறியை மீண்டும் படிக்கவேண்டும். விசயை தீக்கனவு கண்ட பின் சச்சந்தன் அதனைச் செய்விக்கிறான். நிறைசூலியான விசயைக்கு அதனை இயக்கப் பழக்குகிறான். பொறியை வலப்புறம் திருப்ப எழும். இடப்புறம் திருப்ப இறங்கும். கட்டியங்காரன் அரண்மனையைச் சூழ்ந்த வேளையில் அவளை ஏற்றி அனுப்பிவிட்டு, அரசன் நின்று போரிட்டு மடிகிறான். கணவனையும் ஊரையும் விட்டுப் பறந்த அப்பெண் இறங்குமிடம் சுடுகாடு. சீவகன் பிறப்பது அங்கேதான். இங்கே பறத்தல் வெற்றியன்று, தப்புதல். கலத்தில் இடமில்லாதவர்கள் யார் என்பது வாசகருக்குத் தெரியும். தரையிறங்கும் இடம் எதுவென்பதையும் கவிஞர் மறைக்கவில்லை. பதினொரு நூற்றாண்டுகளின் பின் ‘ஏஜென்சி’ மூலம் வந்தவர்கள் இதனைப் புரிந்துகொள்ள உரைநூல் தேவையில்லை.

ஆதலால் பித்தளைக் கண்ணாடி அணியும் பிள்ளைக்கு நாம் சொல்லவேண்டியது ‘கழற்றிவை’ என்பதல்ல. அவர்கள் பங்கரைக் காணாமல் வளர்ந்தது எமக்கு ஆறுதலே. அந்தப் பயத்தைச் சொத்தாகக் கையளிக்க வேண்டிய கடமை எவருக்கும் இல்லை. கையளிக்கவேண்டியது ஒரு வாசிப்பு முறையை. ஆகாயக்கப்பல் வரும் எந்தக் கதையிலும் மூன்று கேள்விகளைக் கேட்கலாம்: அதன் நிழல் யார் முற்றத்தில் விழுகிறது? அதில் இடம் கிடைக்காதவர் யார்? அது எங்கே இறங்குகிறது? இவற்றுக்குப் பதில் தேடும் ஒரு ‘ஸ்டீம்பங்க்’ நாவலை ஸ்காபரோவில் வளர்ந்த ஒருவர் எழுதுவாராயின், கிப்ளிங்கிடமும் மூர்கொக்கிடமும் இல்லாத ஒன்று அதில் இருக்கும்: அண்ணாந்து பார்த்தவர்களின் அனுபவம்.